கங்காணி இல்லாத வேலை

பாடசாலை முடிந்து, டியூசனும் முடிந்து பின்நேரம் நான்கு மணிக்கு வீடு வரும் பிள்ளைகள் என்ன தின்பார்கள் என்பது, எங்கள் வீட்டில் முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சுண்டு கொண்டைக்கடலை சட்டியில் நனைந்திருந்தால் மறுநாள் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை கிடைக்கும். நனையாவிட்டால் கடை பிஸ்கட் பக்கட்டைப் பிரிக்க வேண்டியதுதான். காய்ந்த கடலையின் மேல் தண்ணீர் ஊற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் வீட்டு வேலைகளிலேயே அதிகமாகத் தள்ளிப்போடப்படுவது அதுதான் என்று, என்னோடு பேசும் தாய்மார் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

மலைநாட்டில் இந்த அரை நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். நாங்கள் இருப்பது ஹற்றன் பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும் என்பதால், இங்கே பானைத் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது, நுவரெலியாவில் அது 94 பாகையை ஒட்டியே நிற்கும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிடும் என்று நம்பி அடுப்பில் வைத்த கடலை, பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்போதும் பல்லில் கடுக்கென்றுதான் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் பயறு வகைகள் ஊறுவதும் தாமதம், உளுந்து மா புளிப்பதும் தாமதம். கொழும்பில் இருக்கும் என் அக்கா காலையில் நினைவு வந்து ஊறப்போட்டாலும் பின்நேரத்துக்குள் சமாளித்துவிடுவார். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது, முதல்நாள் இரவே நினைவு வர வேண்டும்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன் தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட வேண்டும், நிறுவைக்குக் கூடையோடு நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும், சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மலையில் நிற்கும் வரை அவருக்கு எதையும் நாளைக்கு என்று ஒதுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. அதே அம்மாவின் கிழிந்த கம்பளி ஒன்று, தைக்கப்படாமலே, ஒரு மழைக்காலம் முழுவதும் லயக் காம்பராவின் கொடியில் தொங்கியது. ஊசியும் நூலும் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தன. அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. கொழுந்துக்குக் கணக்குக் கேட்கக் கங்காணி இருந்தார், கம்பளிக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு என்று எனக்குப் படுகிறது.

வீட்டு வேலையில் பெரும்பகுதி இப்படிக் கணக்குக் கேட்பாரற்ற வேலை. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளை எந்தத் தாயும் தள்ளிப்போடுவதில்லை, ஏனென்றால் அட்டையில் திகதி இருக்கிறது, போகாவிட்டால் மருத்துவமாது வீடு தேடி வந்து கேட்பார். பாடசாலைச் சீருடையை ஞாயிறு இரவுக்குள் எப்படியாவது அழுத்திவிடுகிறோம், ஏனென்றால் திங்கட்கிழமை காத்திராது. கடலையை ஊறப்போட்டாயா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மறுநாள் நான்கு மணிக்குப் பசி வந்து கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டிய நேரம் கடந்து பல மணித்தியாலங்கள் ஆகியிருக்கும்.

இதைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்கள் மாமியின் வழக்கம். மாமியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இந்த விடயத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. உளவியலாளர்களான பியூஷா சிரோயிசும் திமோத்தி பிச்சிலும் 2013 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், ஒரு வேலையைத் தள்ளிப்போடுபவர் உண்மையில் அந்த வேலையோடு வரும் விரும்பத்தகாத உணர்விலிருந்து அந்த நேரத்துக்கு மட்டும் தப்பிக்கிறார் என்று விளக்கியிருந்தார்கள். என் குசினியில் அந்த விரும்பத்தகாத உணர்வுக்கு மிகத் தெளிவான உருவம் உண்டு. தை மாதத்து இரவில், பாத்திரமெல்லாம் கழுவிக் கையைத் துடைத்து, கம்பளிச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்ட பிறகு, மறுபடியும் அந்தக் குழாயைத் திறக்க வேண்டும். விரல் நுனி விறைத்து, நகக்கண் வலிக்கும் தண்ணீர் அது. மனம் உடனே, விடியற்காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்கிறது. விடியற்காலைத் தண்ணீர் அதைவிடக் குளிர் என்பது மனத்துக்குத் தெரியாததல்ல.

ஆகவே மன உறுதியைக் கூட்டும் முயற்சியில் நான் இறங்கவில்லை, குளிரைக் குறைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுடுதண்ணிப் போத்தலை நிரப்ப எங்கள் வீட்டில் கேத்தல் கட்டாயம் கொதிக்கும். அது ஒருநாளும் தவறாது, தவறினால் என் கணவர் கேட்பார். கடலை டின்னைச் சாமான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கேத்தலுக்குப் பக்கத்திலேயே வைத்து, அளக்கும் சுண்டையும் அதற்குள்ளேயே போட்டுவிட்டேன். போத்தலை நிரப்பிய பின் கேத்தலில் மிஞ்சும் சுடுதண்ணீரை அப்படியே கடலையின் மேல் ஊற்றினால், கை நனைவதில்லை. வெந்நீர் என்பதால் கடலையும் விரைவாக ஊறுகிறது. ‘இது நடக்கும்போது அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வேலையை ஒரு சந்தர்ப்பத்தோடு முடிந்துவைப்பது, வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று எண்ணுவதைவிடப் பலன் தரும் என்று ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999 இல் எழுதினார். பேராசிரியர் சொல்லும் சந்தர்ப்பம் எனக்குக் கேத்தலின் வடிவில் கிடைத்தது. புதிய பழக்கம் ஒன்றைத் தனியாக வளர்ப்பது சிரமம், ஏற்கெனவே நிற்காமல் ஓடும் பழக்கத்தின் முதுகில் அதை ஏற்றிவிடுவது சுலபம்.

கடலை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியாக வேகாத கடலையைத் தின்ற பிள்ளை அடுத்தநாள் பிஸ்கட்டைத்தான் கேட்கும். ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு தேக்கரண்டி உப்புப் போடுவது நல்லது. உப்புப் போட்டால் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள், ஆனால் ஊறும்போது சேரும் உப்புத் தோலை இளக்கத்தான் செய்யும். வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான், ஆதலால் தக்காளி, புளி, தேசிக்காய் எதுவானாலும் வெந்த பிறகே சேர வேண்டும். அப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் கடலை குழைந்து சவர்க்கார வாடை அடிக்கும், அதோடு உயிர்ச்சத்து பி1 உம் அழிந்துபோகும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துக் கழுவி, மத்தியானச் சோறு முடிந்ததும் பிறஷர் குக்கரில் வைத்துவிடுவேன். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 பாகையையும் தாண்டிச் சூடாகும், ஆகவே உயரத்தின் குறை அங்கே ஈடாகிவிடுகிறது. 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில், ஊறிய கடலைக்கும் ஊறாத கடலைக்கும் அடுப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒவ்வொரு வீடும் படித்துக்கொண்டது. தேயிலை மிலாறு விறகுக் கட்டு வாங்கி முற்றத்தில் கல் வைத்து எரித்த காலம் அது.

தாளிப்பது பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பது நல்லது என்பது என் எண்ணம். கடுகு வெடித்ததும் செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், அதன்பின் நகம் அளவுக்குக் கீறிய தேங்காய்ச் சொட்டு. சொட்டின் ஓரம் இலேசாகச் சிவந்து எண்ணெய் கசியத் தொடங்கும்போது கடலையைக் கொட்டிப் பிரட்டினால், அந்த வாசனை கேட்டு அறையில் இருக்கும் பெரியவளும் புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிடுவாள். ரயிலில் கடதாசிச் சுருளில் வாங்கித் தின்னும் கடலையின் சுவை இதற்கு வர வேண்டுமானால், மிளகாயைக் கொஞ்சம் கருகவிட வேண்டும்.

நம்மூர்த் தாய்மாருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேயிலையோடு வாழ்கிற நாம், எந்தத் தீனியோடும் தேத்தண்ணியைச் சேர்த்தே பிள்ளைக்கு நீட்டுகிறோம். கடலையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். அதே இரும்புச்சத்தை, தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சி இழுத்துக் கொடுக்கும். ஆகையால் கடலையின் மேல் பாதித் தேசிக்காயைப் பிழிந்து கொடுத்து, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். காசு செலவில்லை, கூடுதல் வேலையும் இல்லை. எங்கள் மாமி இதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, தேத்தண்ணி இல்லாமல் கடலை தொண்டையில் இறங்காது என்கிறார்.

பச்சைப் பயறை முளைகட்டுவதும் இதே கேத்தல் கணக்கில்தான் நடக்கிறது, தண்ணீர் மட்டும் இளஞ்சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். குளிர் மாதங்களில் ஈரத்துணியில் கட்டியதை அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படும்படி வைக்காவிட்டால் முளை வெளியே வராது. ரொட்டிக்கு மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து வைப்பது, வற்றாளங்கிழங்கு அவிப்பது போன்றவற்றுக்கு முன்னேற்பாடு பெரிதாகத் தேவையில்லை, அவை நினைத்த நேரத்தில் ஆகும்.

மெட்டு ஒலித்தபடி பாணும் பணிஸும் விற்று வரும் சூன் பாண் முச்சக்கரவண்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். பீத்தோவனின் அந்த மெட்டு வளைவுக்கு அப்பால் கேட்கும்போதே என் சின்னவன் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவான். சீனி தூவிய கிம்புலா பணிஸை நான் தடைசெய்யவில்லை, வெள்ளிக்கிழமை அதற்கென்று விட்டிருக்கிறேன். மென்பானப் போத்தலில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. 2016 முதல் இலங்கையில் விற்கும் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி இருக்கிறது, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையும் நிறத்தைக் காட்டினால் புரிந்துகொள்ளும், கடையில் நின்று வாதாடுவதும் குறையும்.

தள்ளிப்போடுவது எல்லாமே தவறென்றும் நான் நினைக்கவில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் சரிவில் மழையைக் கொட்டும்போது, போர்வை தோய்ப்பதை ஒத்திவைப்பது புத்திசாலித்தனம். தோய்த்தால் அது காயாமல் வீட்டுக்குள் ஒரு கிழமை மணக்கும். அலுமாரியின் மேல்தட்டைத் தீபாவளிக்கு முன் துடைத்தால் போதும். காத்திருந்தால் கெட்டுப்போகும் வேலை எது, காத்திருந்தாலும் அப்படியே இருக்கும் வேலை எது என்று பிரித்துப் பார்த்தபோது, என் பட்டியலில் பாதிக்கு மேல் இரண்டாவது வகையில் போய் நின்றது. அவற்றை எண்ணித் தினமும் மனம் புழுங்குவதை விட்டதே ஒரு பெரிய ஓய்வு.

மகளின் வீட்டுப்பாடத்திலும் இந்த வழியைச் சோதித்துப் பார்த்தோம். கணக்குக் கொப்பியைத் திறப்பதுதான் அவளுக்கு மலை, திறந்துவிட்டால் செய்துவிடுவாள். அதனால் பாடசாலைப் பையை இறக்கும்போதே கொப்பியை எடுத்து, கோடு போட்டு, திகதி எழுதி மேசையில் விரித்து வைத்துவிட்டுத்தான் சோற்றுக்குப் போக வேண்டும் என்று ஓர் ஒழுங்கு. கணக்கைச் செய் என்று நான் சொல்வதில்லை. டியூசன் இல்லாத நாட்களில், சாப்பிட்டு வந்து அந்த விரித்த பக்கத்தைக் கடந்து போக அவளுக்கே மனம் வருவதில்லை. எல்லா நாளும் இது பலிக்கிறதா என்றால், இல்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் போட்டி நடக்கும் நாளில் எந்த வழியும் பலிக்காது.

இப்போது இரவில் கேத்தல் கூவத் தொடங்கியதும், “அம்மா, நாளைக்குக் கடலையா, பயறா?” என்று சின்னவன் வந்து நிற்கிறான். அளந்து போடும் வேலை அவனுடையது, வெந்நீர் ஊற்றுவது என்னுடையது. தெரிவை அவனிடம் விட்டால் எப்போதும் கடலைதான் வரும். பயறு டின்னில் கிடந்து வண்டு விழுந்துவிடும் என்பதால், செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் அவனைக் கேட்காமல் பயறையே போடுகிறேன்.