பழைய பெற்றோல் செட் காணியும் அதன் கிணறும்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் மாமி ஒருவர், தமது மகன் வாங்க நினைக்கும் காணியைப் பார்த்துச் சொல்லும்படி தை மாதத்தில் என்னை அழைத்திருந்தார். ஒரு காலத்தில் பெற்றோல் செட் இருந்த இடம் என்பதால் விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. "தாங்கியெல்லாம் எப்பவோ கிளப்பிப்போட்டாங்களாம் தம்பி, பிறகென்ன பயம்?" என்றார் மாமி. நிலத்தடி நீர்ப் பரிசோதனையில் சில ஆண்டுகள் வேலை செய்திருந்தும், அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது சீனன்குடாதான். பிரித்தானியர் தம் கடற்படைக் கப்பல்களின் எரிபொருளுக்காகக் கட்டி, 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலையும் கண்ட அந்தப் பெரும் இரும்புத் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. அவை தரைக்கு மேலே நிற்பதால் கசிவு ஏற்பட்டால் கண்ணுக்குப் படும். கப்பல் எண்ணெயும் தடித்தது, மண்ணுக்குள் மெதுவாகவே ஊரும். செட்டின் தாங்கியோ நிலத்துக்குள் புதைந்து கிடப்பது, அதில் இருந்ததும் தண்ணீரைவிட இளக்கமாக ஓடும் பெற்றோல். தாங்கி துருப்பிடித்து ஓட்டையானால்தான் கசிவு நேரும் என்றில்லை. குழாய்களின் மூட்டுகளிலும், எரிபொருள் ஏற்றிவரும் பவுசர் வந்து நிரப்பும் வாயிலும் சிறுகச் சிறுகச் சிந்துவதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. தாங்கியைக் கிளப்பும்போது குழாய்கள் மண்ணுக்குள்ளேயே விடப்படுவதும் உண்டு.

எங்கள் கரையோர மணலில் பெற்றோல் இறங்குவதற்குத் தடையே இல்லை. சில அடிகளில் நீர்மட்டம் வந்துவிடும். தண்ணீரைவிடப் பாரம் குறைந்த பெற்றோல் அங்கே மிதந்து நிற்கும். ஆனால் அதிலுள்ள பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகியவை ஓரளவு தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீர் ஓடும் திசையில் காணியின் எல்லையையும் வேலியையும் பொருட்படுத்தாமல் பயணம் செய்யும். ஆகவே இந்தக் காணியைச் சோதிப்பதென்றால் பக்கத்து வளவுக் கிணறுகளையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அறியக் குறைந்தது மூன்று துளைகளில் நீர்மட்டத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது, ஏனெனில் ஒரு விடுதியின் மோட்டர் இரவும் பகலும் இறைத்தால் அந்தத் திசையே மாறிவிடும்.

விற்பவர் ஓர் அறிக்கையைக் காட்டினார். மார்கழி மழையின் நடுவே, சோடாப் போத்தல் ஒன்றில் பிடித்துக் கொடுத்த தண்ணீர். அமிலத்தன்மை, கடினத்தன்மை, மலக்கிருமி ஆகிய மூன்றும் பார்க்கப்பட்டு, குடிக்க உகந்தது என எழுதப்பட்டிருந்தது. ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை; பென்சீனைப் பார் என்று எவரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தாலும் அந்தப் போத்தலில் இருந்து உண்மை வந்திருக்காது. ஆவியாகிப் போகும் பொருளைத் தேடும்போது, 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கிருமிகள் தின்றுவிடாதபடி சில துளி அமிலம் சேர்த்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்பி, 14 நாட்களுக்குள் சோதித்து முடிக்க வேண்டும்.

முகர்ந்து பார்த்தேன், மணம் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், அதன் மணத்தை மூக்கு உணர்வதற்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வேண்டும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு பொருளுக்கு மூக்கைக் காவல் வைக்க முடியாது. கொதிக்க வைத்தால் போய்விடுமே என்று மாமி கேட்டார். போகும், ஆனால் அது போய்ச் சேரும் இடம் அவருடைய குசினிதான்.

கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் அதைத் தடியால் கலைத்துப் பார்ப்பது நல்லது. உடைந்த ஓடுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேலை. கலைத்த இடத்தை உடனே மூடிக்கொண்டு மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். இது சந்தேகத்துக்கு மட்டுமே போதுமானது.

எல்லாவற்றையும்விடப் பருவம் முக்கியம் என்பது என் எண்ணம். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் நீர்மட்டம் தாழத் தாழ, மிதக்கும் பெற்றோலும் கூடவே இறங்கி வழிநெடுக மணலில் ஒட்டிக்கொள்கிறது. மாரியில் நீர் ஏறும்போது அந்த மணலை மூடிவிடுவதால் பெற்றோல் மணற்றுகள்களுக்கு இடையில் சிறைப்பட்டு, கிணற்றில் படலமே இல்லாமல் போய்விடும். மார்கழியில் சுத்தமாகத் தெரிந்த கிணறு ஆவணியில் வேறு முகம் காட்டும். ஆகவே ஆவணி, புரட்டாதியில் ஒருமுறையும் மாரி முடிந்ததும் ஒருமுறையும் நீர் எடுக்காமல் இந்தக் காணியைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று மாமியிடம் கூறிவிட்டேன். மகனுக்கு அதில் கோபம்தான்.

இதற்கிடையில் அந்தச் செட்டுக்குப் பவுசர் ஓட்டிய முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வரைபடம் எதுவும் இல்லாத இடத்தில் அவருடைய நினைவுதான் எங்களுக்கு வரைபடம். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே செட் இயங்கியது என்று அவர் சொன்னதால், சோதனைப் பட்டியலில் ஈயத்தையும், அந்தப் பெற்றோலில் ஈயத்துடன் சேர்க்கப்பட்ட எதிலீன் இருபுரோமைட்டையும் எழுதிக்கொண்டேன். பவுசரை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டபோது, அவர் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மதிலோரத்து வேப்பமரத்துக்கு இரண்டு பாகம் தள்ளி ஓரிடத்தைத் தடியால் தட்டிக் காட்டினார். முதல் துளையை அங்கேதான் இறக்கப் போகிறோம்.