ஐந்தாம் மாடியில் செத்தல் மிளகாய்

கொழும்பில் தொடர்மாடி வீடு விற்பவர்கள் எதையெதையோ காட்டுவார்கள். கடல் தெரிகிற யன்னல், வாகனத் தரிப்பிடம், மின்வெட்டு வந்தால் தானே இயங்கும் ஜெனரேட்டர். வீட்டின் பின்பக்கத்துக் கோடிப்புறம் எங்கே என்று கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குக் கூட்டிப் போவார்கள். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஓடு போட்ட பழைய வீடு. கூரை ஒழுகும், எலி ஓடும். ஆனால் குசினிக் கதவைத் திறந்தால் பலகை போட்டு உட்காரக் கொஞ்சம் இடம் இருந்தது. தேங்காய் உரிப்பது, மீன் வெட்டுவது, மா வறுப்பது, அடுத்த வீட்டுக்காரருடன் கோபித்துக்கொள்வது, பிறகு ராசியாவது எல்லாம் அங்கேதான்.

இப்போது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில் சொந்த வீடு. பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். பால் பொங்கி வழிந்ததும் அடுப்பு அணைந்துவிட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி அடுப்பைத் துடைத்தவள் நான்.

அந்தக் குசினியை வரைந்தவர் வாழ்நாளில் தேநீர் மட்டுமே போட்டிருக்க வேண்டும். அலுமாரிகள் கூரை வரை ஏறுகின்றன. மேல் தட்டில் இருப்பதை எடுக்க முக்காலி வேண்டும், முக்காலியை வைக்க இடமில்லை. அடுப்புக்கு மேலே பளபளவென்று ஒரு புகை உறிஞ்சி. பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இவ்வளவு புகையும் எங்கேதான் போகிறது என்று அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். குழாயும் இல்லை, சுவரில் துவாரமும் இல்லை. உறிஞ்சியதைக் கரி வடிகட்டி வழியாக விட்டு, மறுபடியும் அதே குசினிக்குள் ஊதுகிற வகை அது. தேநீருக்குப் போதும்.

பிளக்குகளின் கதை தனி. எங்களிடம் இருந்த கிரைண்டர், மின்னழுத்தி எல்லாவற்றுக்கும் பழைய வட்ட முள். புது வீட்டுச் சுவரெங்கும் 13 அம்பியர் சதுரத் துவாரம். என் கணவர் ஒரு பை நிறைய அடாப்டர் வாங்கி வந்தார். தேவைப்படும் நேரத்தில் அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

பிறகு மொரட்டுவைத் தச்சு பாஸ். குடிவந்து கொஞ்ச நாளிலேயே குசினி அலுமாரிக் கதவு ஒன்று கையோடு கழன்று வந்தது. பிணைச்சல் முழுக்கத் துரு. பாஸ் அதை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "கடற்கரை வீட்டுக்கு யார் இந்தச் சாதாரண இரும்பைப் போட்டது? உப்புக்காற்று தின்றுவிடும். துருப்பிடிக்காத உருக்குத்தான் வேண்டும்" என்றார். வைத்தியர் போலத்தான் பேசினார். கணக்கைக் கதவின் மேலேயே பென்சிலால் எழுதினார், முற்பணம் வாங்கினார், போனார். அதன் பிறகு எப்போது தொலைபேசி எடுத்தாலும் தெஹிவளைக்கு வந்துவிட்டதாகச் சொல்வார். தெஹிவளையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், சனிக்கிழமை நெரிசலிலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. கதவு வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் பென்சில் கணக்கைப் படித்துவிட்டு, கூட்டல் பிழை என்கிறார்கள்.

இந்த நிலையில்தான் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். முருங்கைக்காய்க் கட்டு, பனங்கட்டி, புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, பழைய சேலையில் சுற்றிய, தேங்காய் துருவும் திருவலை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "நல்ல காற்று" என்று மட்டும் சொன்னார். பிறகு கதவில்லாத அலுமாரிக்குள் இருந்த பைக்கற்றைக் கையில் எடுத்தார்.

"இது என்ன பிள்ளை?"

"தூள், அம்மா."

"தூள் என்று எழுதியிருக்கிறது" என்றார் அம்மா, திருப்பி வைத்தபடி.

அதற்கு மேல் விவாதம் இல்லை. அடுத்த நாளே மாமியும் மருமகனும் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் புறப்பட்டார்கள். மூட்டை மூட்டையாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறங்கும் அந்தத் தெருவில், மூட்டை சுமக்கும் நாட்டாமைக்காரர்களின் வண்டிகளுக்கு நடுவே நின்று, அம்மா ஒவ்வொரு கடையிலும் செத்தல் மிளகாயைக் கிள்ளிக் கிள்ளி முகர்ந்தாராம். இவர் தும்மித் தும்மியே பின்னால் போனாராம்.

அம்மாவின் கணக்கு இதுதான்: 1 கிலோ மிளகாய்க்கு 1 கிலோ மல்லி, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகும் சின்னச் சீரகமும் 100 கிராம் வீதம், வெந்தயம் 50, காய்ந்த மஞ்சள் இரண்டு மூன்று துண்டு, கறிவேப்பிலை கை நிறைய. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கிற ஆட்களை அம்மா மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. மல்லி ஆறுதலாகப் பொரிந்து மணம் விடும். வெந்தயம் சிவந்த அடுத்த நொடியே கறுத்துக் கசந்துவிடும். மிளகாய் கடைசியில், கொஞ்சம் எண்ணெய் காட்டி, சிவப்பு கறுப்புப் பக்கம் சாயத் தொடங்கும்போது இறக்க வேண்டும். அந்தக் கருஞ்சிவப்பில்தான் யாழ்ப்பாணத்துக் குழம்பின் நிறம் இருக்கிறது.

பெரிய தாச்சி புகை உறிஞ்சியின் கீழே அடங்கவில்லை. பழைய ஒற்றை அடுப்பை யன்னலோரம் தரையில் வைத்து, சிலிண்டரைப் பூட்டி, அம்மா பலகை போட்டு உட்கார்ந்தார். மல்லி, சீரகம் எல்லாம் சுகமாக முடிந்தன. மாடி முழுக்க மணத்தது. எதிர்வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பின்னேரம் மூன்றரை மணிபோல மிளகாய் தாச்சிக்குள் விழுந்தது. நெடி வராமலிருக்க ஒரு பிடி உப்பையும் தூவினார்.

நெடிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

"யன்னலை அகலத் திறந்தால் வெளியே போய்விடும்" என்று என் கணவர் ஓடிப்போய்த் திறந்தார். வெயில் நேரத்தில் தரை சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே அடிக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அன்று அது நேரில் வந்தது. கடற்காற்று குசினிக்குள் புகுந்து, மிளகாய்ப் புகையை மொத்தமாக அள்ளி, வரவேற்பறை வழியாக, முன்கதவின் கீழ் இடுக்கு வழியாக, பொது நடைபாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடைபாதைக் கூரையில் வெள்ளையாக ஒரு புகை உணரி இருந்தது. அது அலறியது. அதைக் கேட்டு மற்ற மாடிகளிலிருந்தவையும் அலறின.

இவர் கண்ணைக் கசக்கியபடி குளியலறைக்கு ஓடி முகத்தில் தண்ணீரை அடித்தார். அதன் பிறகு போட்ட கூச்சல் மணியை மிஞ்சியது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் என் மகன் கதவுக்கு வெளியே நின்று இருமலுக்கு இடையில் விளக்கினான்: "அப்பா, கப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும். பாலால் கழுவுங்கள்!" வீட்டில் இருந்தது பால்மா. கரைத்துக் கொடுக்க யாருக்கும் மூச்சு இல்லை.

கட்டடம் முழுவதும் கீழே இறங்கி வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. நாலாம் மாடிக்காரர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வந்திருந்தார்; பின்னேரம் மூன்றரைக்கு எதற்குச் சவரம் என்று கேட்க அது நேரமில்லை. ஆறாம் மாடிச் சிங்கள ஆன்டி அரிசி களைந்த சட்டியைக் கையில் பிடித்தபடி, எல்லோரையும் போலத் தும்மிக்கொண்டு நின்றார். எண்ணிப் பார்த்தபோது அம்மா இல்லை.

காவலாளி தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, சிரட்டை அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தார். காவலாளி உருளையின் குழாயைத் தாச்சிக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, அதை இதற்குள் அடித்தால் மிளகாய்க் காசு நீங்கள்தான் தரவேண்டும்" என்றார் அம்மா.

காவலாளிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. உயர்ந்து நின்ற அகப்பை அவருக்கு நன்றாகவே விளங்கியது. உருளையைக் கீழே வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்.

"ஏன் அம்மா கீழே வரவில்லை? உண்மையிலேயே தீ என்றால் என்ன செய்வீர்கள்?"

"தீ எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்தானே. முன்னால் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பாதியில் விட்டால் கருகிவிடும், பிள்ளை."

மறுநாள் உணரியைப் பார்க்க வந்த தொழில்நுட்பக்காரர் அம்மாவுக்குச் சாதகமாகவே பேசினார். பெட்டிக்குள் ஓர் ஒளிக்கதிர் போகும், துகள்கள் நுழைந்தால் அது சிதறும், சிதறல் பட்டதும் மணி அடிக்கும். வீடு எரிகிறதா, மிளகாய் வறுபடுகிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் சமையலறைக்குப் புகை உணரி போடாமல் வெப்ப உணரி போடுவார்கள். எங்கள் கதவுக்கு நேரே இதை வைத்தவர் குசினியை வரைந்தவரின் சொந்தக்காரராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நிர்வாகக் குழு கூடியது. தடை வரும், அபராதம் வரும் என்று இவர் மன்னிப்புக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தார். ஆனால் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் ஆறாம் மாடி ஆன்டி. தனக்கும் துனபஹ என்கிற சிங்களக் கறித்தூளுக்கு வறுக்க வேண்டும், மகளின் வீட்டுக்கு எடுத்துப் போய் வறுத்து வருவது அலுத்துவிட்டது, மொட்டைமாடியைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார். மூன்றாம் மாடியில் ஒருவருக்குக் கருவாடு காயவைக்க வேண்டியிருந்தது. இத்தனை காலமும் எல்லோரும் கோடிப்புறத்தைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டு தேநீர் குடித்திருக்கிறார்கள். ஞாயிறு காலை, காற்றுத் திரும்புவதற்கு முன், மொட்டைமாடியில் வறுக்கலாம் என்று தீர்மானமானது.

முதல் ஞாயிறே அம்மாவும் ஆன்டியும் எதிரெதிர் அடுப்பில். ஆன்டி மல்லியோடு ரம்பை இலையையும் போட்டு வறுத்தார். அம்மா எழுந்து போய்ப் பார்த்தார், ஒரு கிள்ளு நாக்கில் வைத்தார், நீண்ட நேரம் யோசித்தார். "கோழிக்கு ஆகும். மீனுக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார். மகன் மொழிபெயர்த்தான். ஆன்டி, மீனுக்கு வேறு தூள் இருக்கிறது, அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார்.

லிஃப்ட் மொட்டைமாடி வரை போவதில்லை. கடைசி மாடிப்படிகளில் எரிவாயு சிலிண்டரைச் சுமப்பது யார் என்பதைக் குழு தீர்மானத்தில் எழுதவில்லை. வாரத்துக்கு இரண்டு சிலிண்டர், எங்களுடையதும் ஆன்டியுடையதும், இவர்தான் ஏற்றி இறக்குகிறார். தச்சு பாஸையாவது பிடித்துவா, உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். தெஹிவளைக்கு வந்துவிட்டாராம்.