நகராமல் நின்ற சிப்பாய்

மார்ச் 4

இரண்டு கிளப் ஆட்டக்காரர்கள் ஆடி முடித்த ஒரு சதுரங்க ஆட்டத்தை இன்று படிக்கத் தொடங்கினேன். ஆட்டத்தை அலசும் கணினி நிரலான எஞ்சினைத் திறக்காமல், ஒவ்வொரு நகர்வையும் பலகையில் வைத்து, அடுத்தது என்னவாக இருக்கும் என்று எழுதிவிட்டே குறிப்பைப் பார்க்கிறேன். வெள்ளை ஆடியவர் குதிரை எஃப்3, சிப்பாய் ஜி3, பிஷப் ஜி2 (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்), பிறகு ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கேஸ்லிங் என ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் தொடக்கத்தை அமைதியாக ஆடியிருக்கிறார்.

மார்ச் 5

நடு ஆட்டத்தில் இ4 தள்ளும் வாய்ப்பு வெள்ளைக்கு இருமுறை வந்தும் அவர் தள்ளவில்லை. அது தயக்கம் என்றே எனக்குப் படுகிறது. காய்கள் வேகமாக வெட்டுப்பட்டன.

மார்ச் 7

இறுதி நிலையில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. வெள்ளைக்கு ராஜா எஃப்3, யானை இ4, சிப்பாய் இ2. கறுப்புக்கு ராஜா டி6, யானை இ8. கறுப்பு ஆடியவர் இ4இல் இருந்த வெள்ளை யானையை வெட்டினார். வெள்ளை ராஜா இ4இல் திருப்பி வெட்டியதும், தம் ராஜாவை இ6இல் நேரெதிரே நிறுத்தினார். ஆப்போசிஷன், அதாவது ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்க, நகர வேண்டியவர் வழிவிட நேரும் நிலை, தம் கையில் இருக்கிறது, வெள்ளை ராஜாதான் விலக வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணத்தில் பாதி முற்றிலும் சரியானது. ஆனால் தொடக்கம் முதல் அசையாதிருந்த இ2 சிப்பாய் இ3க்கு வந்தது. இப்போது விலக வேண்டியவர் கறுப்பு: டி6க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்5க்கு ஏறும், எஃப்6க்குப் போனால் டி5க்கு ஏறும், பின்வாங்கி இ7க்குப் போனால் இ5இல் மறுபடியும் எதிரே நிற்கும். இப்படி ராஜா வழிதிறக்க, சிப்பாய் கடைசி வரிசையை அடைந்து ராணியாகிவிடும்.

அந்தச் சிப்பாய் முன்பே இ3இல் இருந்திருந்தால், அதே வெட்டும் அதே ராஜா நகர்வும் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கும். கிராண்ட்மாஸ்டர்கள் இத்தகைய நிலைக்கு வெகு முன்னரே கைகொடுத்து எழுந்துவிடுவதால், இது பலகையில் கடைசிவரை ஆடப்படுவதைக் காண கிளப் ஆட்டங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மார்ச் 8

எஞ்சினைத் திறந்தேன். ஏழு காய்கள் வரையிலான இறுதி நிலைகள் எல்லாம் கணினியில் முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டதால், யானைகள் வெட்டுப்பட்டபின் வெள்ளைக்கே வெற்றி என்று அது உடனே காட்டியது. ஏன் என்று அது சொல்வதில்லை. கறுப்பு வெட்டாமல் யானையை எஃப்8க்கு எடுத்துச் சென்று செக் வைத்திருக்கலாம். வெள்ளை யானையை எஃப்4இல் குறுக்கே வைத்தாலும் வெட்டக்கூடாது. இ8க்கே திரும்பி, யானைகள் பலகையில் இருக்கும்வரை போராட வேண்டும்.