வருடம் எழுதப்படாத ஒப்பந்தம்

அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் தயாரித்தார். 1989-ல் வெளிவந்தது. அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, ஓடிடி தளம் ஒன்று அந்தப் படத்தைக் கேட்கிறது என்று தரகர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அன்று தொடங்கிய அலைச்சல் முடியப் பதினோரு மாதங்கள் ஆயின.

தளத்தின் சட்டப் பிரிவு விலை பேசுவதற்கு முன் ஆவணப் பட்டியலை அனுப்பியது. தணிக்கைச் சான்றிதழ், நெகட்டிவை வைத்திருக்கும் லேபின் கடிதம், வாரிசுச் சான்றிதழ், இதுவரை எந்த உரிமையை யாருக்கு விற்றோம் என்பதற்கான ஒப்பந்தங்கள் அத்தனையும். நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்திலிருந்து கேட்பாரே, அப்படித்தான். ஆனால் நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கிடைக்கும். சினிமாவுக்கு அது கிடையாது. நம் நாட்டில் பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்றவரும் வாங்கியவரும் பத்திரப்படுத்திய தாள்கள்தான் சாட்சி.

வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கினோம். தணிக்கைச் சான்றிதழில் விண்ணப்பதாரர் என்று அப்பாவின் பெயர் தெளிவாக இருந்தது. சட்டத்தின் கண்ணில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. ஆக 2049 முடியும் வரை படம் எங்களுடையது, அப்பா அதை விற்றிருக்காவிட்டால்.

விற்றிருந்தார். 1996-ல், கடன் நெருக்கியபோது, தொலைக்காட்சி உரிமையை ஒருவருக்குக் கொடுத்தார். அதோடு படம் கைவிட்டுப் போய்விட்டது என்றே கடைசிவரை நம்பினார். தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நாங்களும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்த ஒப்பந்தம் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடைத்தது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்தது. குண்டூசி துருப்பிடித்து மூலையில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. தொகையை மட்டும் நீல மையில் கையால் எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு வரி: சாட்டிலைட் உரிமையும் இனி வரக்கூடிய எல்லா ஒளிபரப்பு உரிமைகளும், பிறகு ஒரு புள்ளிக்கோடு, அதன் பின் "ஆண்டுகளுக்கு". புள்ளிக்கோட்டின் மேல் எதுவும் எழுதப்படவில்லை.

வழக்கறிஞர் அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை எடுத்து வாசித்துக் காட்டினார். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், அது எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இவை 1994 திருத்தத்தில் சேர்ந்தவை. எங்கள் ஒப்பந்தம் அதற்குப் பிறகு எழுதப்பட்டது. அப்படியானால் அந்த விற்பனை 2001-லேயே முடிந்துவிட்டது. அப்பா 2017-ல் இறந்தார். பதினாறு ஆண்டுகள், தன் படம் தன்னிடமே திரும்பி வந்துவிட்டது என்று தெரியாமல் அவர் வாசலுக்கு எழுந்து போயிருக்கிறார். அன்று வழக்கறிஞர் அலுவலகத்தில் என்னால் வாய் திறந்து பேச முடியவில்லை.

வாங்கியவரின் மகன் இதை ஏற்கவில்லை. மொத்தமாக வாங்கிய படம் என்றார். நீதிமன்றத்தில் எங்கள் பக்கம் வலுவாக இருக்கும், ஆனால் வழக்கில் கிடக்கும் படத்தை எந்தத் தளமும் தொடாது என்று வழக்கறிஞர் சொன்னார். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்கினோம். சட்டப்படி கொடுக்கத் தேவையில்லாத பணம் என்று தம்பிக்கு இன்றும் வருத்தம். கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். நெருக்கடியில் அப்பாவுக்குக் கைகொடுத்த குடும்பம் அது. பிறகு ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் சொல்ல 15 நாட்கள் விட்டோம். யாரும் வரவில்லை.

பாடல்கள் விஷயம் எளிதாக முடிந்தது. கேசட் நிறுவனத்துக்குக் கொடுத்தது பாடல்களைத் தனியாக விற்கும் உரிமையைத்தான். படத்தோடு சேர்ந்து அவை ஒலிப்பதற்குத் தடையில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் பீடி பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் முதல் ஓடிடிக்கும் புகையிலை எச்சரிக்கை கட்டாயம் என்பதால், தொடக்கத்திலும் நடுவிலும் வரவேண்டிய 30 விநாடி எச்சரிக்கைப் படங்களைத் தளமே சேர்த்துக்கொண்டது.

தீராமல் போனது மலேசியா, சிங்கப்பூர் உரிமை. 1989-லேயே வீடியோ கேசட்டுக்காக விற்றதாக அப்பாவின் டைரியில் ஒரு வரி இருக்கிறது. ஒப்பந்தம் இல்லை, வாங்கிய கடையும் இன்று இல்லை. தாள் இருந்தால் அதில் எழுதியிருப்பதை வைத்து வாதாடலாம். தாளே இல்லாதபோது எதைச் சொல்வது? அந்த இரண்டு நாடுகளையும் நீக்கிவிட்டுத்தான் தளம் உரிமம் எடுத்தது. படப்பிடிப்பு நாட்களில் அப்பாவுக்குக் கணக்கு எழுதிய சித்தப்பா இப்போது மலேசியாவின் கிள்ளானில் மகளோடு இருக்கிறார். தளத்தில் படம் வெளியான இரவு அவர் தேடிப் பார்த்தபோது, இந்தப் படம் உங்கள் நாட்டில் கிடைக்காது என்றே திரையில் வந்தது. பொங்கலுக்கு இங்கே வந்தபோதுதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

தளம் அனுப்பிய வரைவில் "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களுக்கும்" என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அதை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். சந்தா கட்டிப் பார்க்கும் முறைக்கு மட்டும் தளத்துக்குப் பிரத்தியேக உரிமை. உரிமம் நடப்பில் இருக்கும்வரை யூடியூபில் நாங்கள் ஏற்றக் கூடாது. தொலைக்காட்சி, திரையரங்கு, டப்பிங், ரீமேக் உரிமைகள் எங்களிடமே இருக்கும் என்று முடிவானது. கையெழுத்திடும் நாளில் காலம் என்ற இடம் வந்ததும் பேனாவை வாங்கி, 3 என்று எண்ணாலும் மூன்று ஆண்டுகள் என்று எழுத்தாலும் நானே எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு, அதன் கீழே கையெழுத்திட்டார்.