நூல் போட்டு அளந்த தூரம்

சிங்கப்பூரிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஜூன் மாதம் போவதற்கு டிக்கெட் எடுத்தேன். இரவு 11.35க்குக் கிளம்பினால் மறுநாள் காலை 6 மணிக்கு நியூ ஜெர்சியின் நியூவார்க் விமான நிலையம். டிக்கெட்டைப் பார்த்ததும் அக்கா போன் செய்தாள். "ஆறரை மணி நேரத்துல அமெரிக்காவாடா? தேதியை நல்லாப் பாரு."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோடையில் சிங்கப்பூர் நியூ ஜெர்சியைவிடச் சரியாக 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் 18 மணி 25 நிமிடம். கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், பகல் இரவாக மாறும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் போகிறவர்கள் மட்டும் 13 மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, தூரம்? மகளின் பூகோள உருண்டையை எடுத்து, தையல் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூவார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்தேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேரே வடதுருவத்தை ஒட்டி ஏறி இறங்கியது! ஒன்று 104 டிகிரி கிழக்கு, இன்னொன்று 74 டிகிரி மேற்கு, கூட்டினால் 178. ஏறக்குறைய உலகத்தின் எதிர்ப்பக்கம். அதனால் கணக்கு சுலபமாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88 டிகிரிக்கு மேல், அங்கிருந்து நியூவார்க்குக்கு 49 சொச்சம். மொத்தம் 138. டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 15,300 கி.மீ.

ஆனால் விமானம் என் நூலைப் பார்த்துப் பறப்பதில்லை. இந்த நேரடிச் சேவை 2018இல் மறுபடி தொடங்கியபோது சொல்லப்பட்ட தூரமே சுமார் 16,700 கி.மீ. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால், சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ரகம். மொத்தமே 161 இருக்கைகள், எகானமி வகுப்பே கிடையாது. பர்ஸ் அழுதது, முழங்கால் வாழ்த்தியது. ஜப்பான் பக்கம் போய், பசிபிக்கைத் தாண்டி, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். குடிநுழைவு வரிசையைத் தாண்டி வெளியே வர இன்னும் ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வரவேற்க வருகிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அக்கா வாகன நிறுத்தத்துக்குத் தண்டம் அழுதாள்.

திரும்பும்போது வந்த வழியே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். திரையைப் பார்த்தால் அட்லாண்டிக்! அப்புறம் ஐரோப்பா, கடைசியில் வங்காள விரிகுடா. அதே காற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கு நோக்கியே வந்திருக்கிறோம். காலை பத்து மணிக்கு ஏறியவன் மறுநாள் மாலை ஐந்து மணிவாக்கில் இறங்கினேன்.

போக வர உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். "ஊர்சுற்றின்னு அம்மா உன்னைச் சும்மாவா திட்டினாங்க" என்றாள்.