பாக்ஸ் போகவில்லை, வயர்தான் போயிருந்தது

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் வரிசையாகப் பல வீடுகளில் டிவி நின்றுபோனது. கேபிள் கம்பெனி செட்டாப் பாக்ஸில் இருந்த பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மெனு, சேனல் நம்பர், காசு கட்டிய சேனலை மட்டும் திறந்துவிடும் பூட்டு எல்லாமே இதில் மாறும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: பாக்ஸ் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதே பழைய பாக்ஸ் இன்றும் நன்றாக ஓடுகிறது. வீணாகக் காசு செலவழிக்கப்போகும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பாக்ஸில் அப்டேட் ஆரம்பித்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு பாதி தூரம்கூடப் போகாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் பாக்ஸ் தானே ஆஃப் ஆகி ஆனாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்க்கிற யாருக்கும் பாக்ஸில்தான் கோளாறு என்று தோன்றும்.

இந்த சாஃப்ட்வேர் இன்டர்நெட்டில் வருவதில்லை. படம் வரும் அதே கேபிளில், தனி ஃப்ரீக்வென்சியில், துண்டு துண்டாக ஓயாமல் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த சுற்றில் அது வரும்வரை பாக்ஸ் காத்திருக்கும். சிக்னல் மோசமாக இருந்தால் துண்டுகள் விட்டுக்கொண்டே போகும், வேலை முடியவே முடியாது. படம் பார்க்கும்போது அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைந்தாலும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். சாஃப்ட்வேரில் ஒரு துண்டு குறைந்தாலும் பாக்ஸ் ஏற்றுக்கொள்ளாது.

எங்கள் ஏரியா கேபிள்கார அண்ணன் மீட்டரோடு வந்தார். சிக்னலின் வலு தெருக் கம்பத்தில் 60 டெசிபலுக்கு மேல் காட்டியது, டிவிக்குப் பின்னால் 40-ஐ ஒட்டித் தடுமாறியது. "தம்பி, பாக்ஸுல ஒண்ணும் இல்ல, லைன்தான் செத்துக்கிது" என்றார். பரண்மேல் ஏறிப் பார்த்தால் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு ஸ்ப்ளிட்டர். மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்களுக்காக எப்போதோ பிரித்தது. அவர்கள் காலி செய்து போன பிறகும் அப்படியே கிடந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் மூன்றரை, நான்கு டெசிபலைத் தின்றுவிடும். போதாததற்கு வயர் நுனியில் மாட்டியிருந்த பின்னைக் கழற்றினால் உள்ளே துருத் தூள் கொட்டியது, நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு. செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்பு, கேபிளை நேராக டிவியில் செருகிய அனலாக் காலத்து வயரிங் அது. கேபிள் டிவியை டிஜிட்டலாக்கும் அரசுத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 என்று கெடு வைத்து பாக்ஸை மாற்றினார்களே தவிர, வீட்டுக்குள் ஓடும் வயரை யாரும் தொடவில்லை. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒன்றுமே தெரியாது.

ஸ்ப்ளிட்டர் இரண்டையும் தூக்கிவிட்டு, வயர் நுனியை நல்ல கம்பி தெரியும்வரை வெட்டி, புதுப் பின் போட்டு நேராகப் பாக்ஸில் செருகினார். கோடு நிற்காமல் ஓடியது. இந்தக் கட்டத்தில் கரண்ட் போனால்தான் உண்மையிலேயே ஆபத்து. பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும்போது நின்றுவிட்டால் சில பாக்ஸ் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வேலூர்ப் பக்கத்து மே மாதம் தெரியுமே, சாயங்காலம் காற்று கிளம்பினாலே கரண்ட் போய்விடும். அதனால் பாக்ஸை முன்கூட்டியே இன்வெர்ட்டர் லைனில் போட்டுவைத்திருந்தோம்.

முடிந்ததும் கட்டணச் சேனல் எல்லாம் பூட்டியே கிடந்தன. சரி, இதற்கும் பயப்பட வேண்டாம். பாக்ஸின் அடியில் இருக்கும் நம்பரைச் சொன்னால் கண்ட்ரோல் ரூமிலிருந்து ரெஃப்ரெஷ் அடிப்பார்கள், அதாவது பூட்டைத் திறக்கும் சிக்னலை மறுபடி அனுப்புவார்கள். அது வந்து சேரும்வரை பாக்ஸை ஆனிலேயே வைத்திருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் வருத்தமாக இருந்தது அம்மாவை நினைத்துத்தான். அவருக்கு மெனுவெல்லாம் பார்க்கத் தெரியாது, நம்பர்தான் கணக்கு. ரிமோட்டைப் பார்க்காமலே பிளாஸ்டிக் கவரோடு தடவி அழுத்துவார். "எல்லா நம்பரும் மாத்தி வச்சிக்கிறான், நான் இன்னாத்த பார்க்கறது?" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் போய் நிற்க முடியாது என்பதால் சிரசு ஊர்வலத்தை உள்ளூர் சேனலில்தான் பார்ப்பார். புது மெனுவில் அந்த சேனலே காணோம். ஆட்டோ ஸ்கேன் மறுபடி ஓடவிட்ட பிறகு பட்டியலின் கடைசியில் வந்தது.

அவர் பார்க்கும் சேனல்களின் புது நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கம்பெனி வீட்டுக்கொரு தாள் அச்சடித்துத் தந்திருக்க வேண்டிய விஷயம் இது. திரையின் அடியில் வேகமாக ஓடும் எழுத்தைக் கண் மங்கியவர்கள் எப்படிப் படிப்பார்கள்? தாள் வேண்டும் என்று தெருவில் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கேபிள்கார அண்ணன் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.