பில்லியன் டாலர் பேபீஸா, நைட்மேரா? பேஸைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் ரசிகர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 1973இல் வந்த ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ ஆல்பம் உசத்தியா, 1975இல் வந்த ‘வெல்கம் டு மை நைட்மேர்’ உசத்தியா? ஒரு கட்சி, “முன்னதில்தான் அசல் பேண்ட் இருக்கிறது” என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடும். மறு கட்சி கதை, நாடகம், கொடுங்கனவு காணும் ஸ்டீவன் என்ற பாத்திரம் என்று அடுக்கும். இரு தரப்பும் பாடகரைச் சுற்றியே வாதாடும். பாடகரோ இரண்டிலும் ஒருவர்தான். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் இரண்டிலும் இருக்கிறார். கிட்டார் சோலோக்களுக்குக் கூப்பிட்ட ஸ்டீவ் ஹன்டரும் டிக் வாக்னரும்கூட இரண்டிலும் இருக்கிறார்கள். இத்தனை பேர் அப்படியே இருந்தும் இரண்டும் இவ்வளவு வேறாக ஒலிக்கின்றன என்றால், காரணத்தை அடித்தளத்தில்தான் தேட வேண்டும். பேஸும் (கீழ்ச்சுருதியைத் தாங்கும் கிட்டார்) டிரம்ஸும் கைமாறின. பாட்டு எழுதிய கூட்டமும் மாறியது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தக் காலத்தில் ‘ஆலிஸ் கூப்பர்’ என்பது ஐந்து பேர் கொண்ட பேண்டின் பெயர். பாட்டு வின்சென்ட் ஃபர்னியர், கிட்டார் க்ளென் பக்ஸ்டன், கிட்டாரும் கீபோர்டும் மைக்கேல் புரூஸ், பேஸ் டென்னிஸ் டனவே, டிரம்ஸ் நீல் ஸ்மித். ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் எஸ்ரின் இல்லாமல் ‘மசில் ஆஃப் லவ்’ வந்தது. அதன் பிறகு பேண்ட் கலைந்தது. பெயரைப் பாடகர் எடுத்துக்கொண்டு போட்ட முதல் தனி ஆல்பம்தான் ‘நைட்மேர்’.

“அசல் பேண்ட்” வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பேபீஸ்’ உறையில் பக்ஸ்டன் பெயர் இருக்கிறது, தட்டில் அவர் வாசிப்பு மிகக் குறைவு. உடல்நிலை கெட்டிருந்தது. சோலோக்களில் பெரும்பாலானவை ஹன்டருடையவை. ஆக முன்னணி கிட்டாரைப் பொறுத்தவரை அசல் பேண்ட் அப்போதே பாதி போயாயிற்று. மிச்சமிருந்த அசல் டனவே, ஸ்மித், புரூஸ் என்ற மூன்று பேர்தான். அந்த மூவரும் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் வழக்கு நகரும்.

கேட்கும் முறையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடு கோணலாகிவிடும். முதல் வேலை ஒலி அளவைச் சமப்படுத்துவது. ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபல் கூட்டி வைத்தாலே காது அதைத்தான் “நல்லா இருக்கு” என்று சொல்லும். பதிப்புக்குப் பதிப்பு மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) அளவு வேறு, அதனால் வால்யூம் குமிழை நம்பி உட்கார வேண்டாம். போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். ‘பேபீஸின்’ ‘எலெக்டட்’ கோரஸையும் ‘நைட்மேரின்’ ‘டிபார்ட்மென்ட் ஆஃப் யூத்’ கோரஸையும் மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டும் ஒரு டெசிபலுக்குள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஷஃபிளும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். ‘நைட்மேர்’ இரண்டாம் பக்கத்தில் ‘இயர்ஸ் அகோ’, ‘ஸ்டீவன்’, ‘தி அவேக்கனிங்’ மூன்றும் ஒரே காட்சியாக ஓடுபவை. நடுவில் இடைவெளி விழுந்தாலோ, ஆப் தானாகக் கலந்து விட்டாலோ ஆல்பத்தின் சிறந்த பத்துப் பதினோரு நிமிடம் பாழ். ‘டெவில்ஸ் ஃபுட்’ முடிந்து ‘தி பிளாக் விடோ’ தொடங்கும் இடமும் அப்படித்தான். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஆல்பத்தைத் திறந்து முதலிலிருந்து ஓட்ட வேண்டும், பிளேலிஸ்ட்டில் பொறுக்கிப் போடக் கூடாது. ஸ்பாட்டிஃபையில் ஒலிச் சமன்பாடு போட்டிருந்தால், ஆல்பமாக ஓட்டும்போது மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு. ஷஃபிளில் பாட்டுக்குப் பாட்டு மாறும், மெதுவான பாட்டெல்லாம் தேவையில்லாமல் உரத்துக் கேட்கும்.

இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இந்த வழக்கின் சாட்சியே பேஸ்தான், அது அங்கே வராது.

இனி ஜோடி ஜோடியாக. தொடக்கப் பாட்டு இரண்டும் ரசிகனை அரங்குக்குள் அழைப்பவை. ‘ஹலோ ஹுரே’ இவர்கள் எழுதியதல்ல, ரால்ஃப் கெம்ப்ஃப் எழுதி, ஜூடி காலின்ஸ் 1968இலேயே பாடிவிட்ட பாட்டு. எஸ்ரின் அதைத் திரை விலகும் காட்சியாக மாற்றினார். மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் பாடகர் கைகளை விரித்து நிற்பது கண்ணுக்கே தெரியும். ‘வெல்கம் டு மை நைட்மேர்’ தலைப்புப் பாட்டும் மெதுவாகத்தான் தொடங்குகிறது, ஆனால் பாதி வழியில் பித்தளைக் கருவிகளோடு ஃபங்க் பக்கம் திரும்பிவிடுகிறது. இங்கேதான் ஆள் மாறியது பட்டவர்த்தனமாகத் தெரியும். இந்தத் தட்டில் பேஸ் வாசித்தவர்கள் பிரகாஷ் ஜான், டோனி லெவின். பிரகாஷ் ஜான் பம்பாயில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவர், 1972இல் ஃபங்க் பேண்டான ஃபங்கடெலிக்கின் ‘அமெரிக்கா ஈட்ஸ் இட்ஸ் யங்’ ஆல்பத்தில் வாசித்தவர். அவரும், டிரம்மர் பென்ட்டி க்ளானும், ஹன்டர், வாக்னரும் சேர்ந்து ராக் பாடகர் லூ ரீடின் ‘ராக் அண்ட் ரோல் அனிமல்’ கச்சேரியை 1973 டிசம்பரில் நியூயார்க்கில் வாசித்த அதே கூட்டம். தாளத்துக்குள் நின்று, இடம் விட்டு, பாடகருக்கு வழி கொடுத்து வாசிக்கும் தொழில்காரர்கள்.

டனவே அப்படி வழி கொடுக்க மாட்டார். ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ தலைப்புப் பாட்டை எடுத்து கிட்டாரை மறந்துவிட்டு கீழே மட்டும் கவனியுங்கள். பேஸ் தனி மெட்டாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஸ்மித் டாம்களில் (டிரம் செட்டின் நடுத்தர முரசுகள்) உருட்டிக்கொண்டே இருப்பார், நேரான தாளத்தில் உட்காரவே மாட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவில் உச்சக் குரலில் கூடப் பாடுவது டோனவன். ஆமாம், மென்மையான நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பெயர்போன அதே டோனவன். லண்டன் மார்கன் ஸ்டூடியோவில் பதிவான கூட்டு இது. இதே பாட்டை ‘நைட்மேர்’ கூட்டம் வாசித்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும், ஆபத்து இருந்திருக்காது.

கலகப் பாட்டுக்கு ‘எலெக்டட்’ ஒரு பக்கம், ‘டிபார்ட்மென்ட் ஆஃப் யூத்’ மறுபக்கம். ‘எலெக்டட்’ 1969 முதல் ஆல்பத்தில் ‘ரிஃப்ளெக்டட்’ என்ற பெயரில் கிடந்த பாட்டு. அதைத் தட்டி எடுத்துத் தேர்தல் பிரசாரமாக்கினார்கள். கடைசியில் வேட்பாளர் ஊர் ஊராகப் பிரச்சினைகளை அடுக்கிவிட்டு, தனக்கு அதைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை என்று சொல்லும் இடத்தில் நையாண்டி கூர்மையாகக் குத்துகிறது. ‘டிபார்ட்மென்ட் ஆஃப் யூத்’ பிள்ளைகள் கோரஸோடு வருவது. முடிவில் பாடகர், “அதிகாரம் யாரிடம்?” என்று கத்த, பிள்ளைகள் “எங்களிடம்!” என்கிறார்கள். “யார் கொடுத்தது?” என்றால், “டானி ஆஸ்மண்ட்!” என்று அன்றைய பால்வடியும் பாப் நட்சத்திரத்தின் பெயர் வருகிறது. பாடகர் திடுக்கிடுவதோடு பாட்டு மறைகிறது. சிரிப்பு வருகிறது, ஆனாலும் என் ஓட்டு ‘எலெக்டட்’டுக்கே.

பிணத்தின் மேல் காதல் என்ற ஒரே விபரீதத்தை இரண்டு ஆல்பமும் தொட்டிருக்கின்றன. ‘ஐ லவ் தி டெட்’ ஐந்து நிமிடத்துக்கு இழுத்து, பித்தளைக் கருவிகளோடு சவ ஊர்வலம்போல் நடக்கிறது. 1973 மேடையில் கில்லட்டினில் பாடகரின் தலையை உருட்டிவிட்டுப் பாட வைத்த பாட்டு அது. மரணதண்டனை நிறைவேற்றுபவராக வந்தவர் ஜேம்ஸ் ரேண்டி, போலிச் சாமியார்களைப் பின்னாளில் தோலுரித்த அதே மந்திரவாதி. ‘கோல்ட் எத்தில்’ மூன்று நிமிடத்துக்குள் முடியும் ஆட்டப் பாட்டு. தமாஷ் என்ற அளவில் இது ஜெயிக்கிறது. அதிர்ச்சி வேண்டும் என்றால் முன்னதுதான்.

நீளக் காட்சிக்கு வரும்போது தராசு சட்டென்று சாய்கிறது. ‘அன்ஃபினிஷ்ட் ஸ்வீட்’ பல் டாக்டர் பாட்டு, ஆறு நிமிடத்துக்கு மேல். நடுவில் துளைக்கும் கருவியின் சத்தம், ஜேம்ஸ் பாண்ட் பாணி கிட்டார் எல்லாம் உண்டு. ஒரு தடவை கேட்க ருசி, பத்தாம் தடவை கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகும். ‘ஸ்டீவன்’ அப்படியில்லை. சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டியிலிருந்து வருவதுபோன்ற பியானோ மெட்டு, அதன் மேல் குழந்தையின் குரலில் பாடகர், பிறகு தந்தி வாத்தியங்கள் வந்து மூடிக்கொள்கின்றன. குழந்தைக் குரலும் முதிர்ந்த குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுதான் பயம். பேண்டோடு இருந்த வரை இவ்வளவு அடக்கமாக அவர் பாடியதில்லை. எஸ்ரின் இடையில் 1973இலேயே லூ ரீடுக்கு ‘பெர்லின்’ செய்து முடித்திருந்தார். அங்கே பழகிய கை இங்கே பேசுகிறது.

‘ஒன்லி விமன் பிளீட்’ பாட்டுக்கு ‘பேபீஸ்’ பக்கத்தில் ஜோடியே இல்லை. வாக்னரோடு சேர்ந்து எழுதியது, அடிக்கும் கணவனிடம் மாட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றியது. தலைப்பைத் தப்பாகப் படித்து எதிர்ப்பு வரும் என்று அஞ்சி சிங்கிளில் ‘ஒன்லி விமன்’ என்று மட்டும் அச்சடித்தார்கள். அமெரிக்காவில் 12ஆம் இடம் வரை போனது. அதே ஆல்பத்தில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் அருங்காட்சியகக் காப்பாளராகச் சிலந்திகளைப் பற்றி உரையாற்றுகிறார். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தட்டில் அதே குரலை உலகம் கேட்பதற்கு ஏழு ஆண்டுகள் முந்தைய சங்கதி இது.

சொத்தைகளும் உண்டு. ‘நைட்மேரில்’ விரல் சொடுக்கோடு வரும் ‘சம் ஃபோக்ஸ்’ காபரே மேடைக்கு மட்டும் ஆனது. ‘எஸ்கேப்’ வேறொரு பேண்டுக்காக எழுதப்பட்ட பாட்டு, கனவுக் கதை முடிந்த பிறகு எதற்கு என்று தெரியாமல் வந்து நிற்கிறது. ‘பேபீஸில்’ ‘மேரி ஆன்’ இரண்டரை நிமிடப் பியானோ விளையாட்டு, கடைசி வரித் திருப்பத்துக்காகவே எழுதியது. ‘ரேப்ட் அண்ட் ஃப்ரீஸின்’ பாட்டில் அகப்படுபவன் ஆண், ஆனால் தலைப்பு இன்று காதில் உறுத்துகிறது. அதற்குச் சமாதானம் தேடத் தேவையில்லை.

‘பேபீஸில்’ வழக்கமாக யாரும் பேசாத பாட்டு ‘ஜெனரேஷன் லேண்ட்ஸ்லைட்’. அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, ஓயாமல் நடக்கும் பேஸ். பேண்ட் என்பது ஐந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதுவது என்றால் எப்படி ஒலிக்கும் என்பதற்கு இதுதான் சான்று. ‘நைட்மேரில்’ இப்படி ஒரு பாட்டு வர வாய்ப்பே இல்லை, அங்கே எல்லோரும் ஒரு கதைக்கு வேலை செய்கிறார்கள். மொத்த ஆல்பமாக ‘பேபீஸ்’ ஒரு படி மேல். தனிப் பக்கம் என்று எடுத்தால் ‘நைட்மேர்’ இரண்டாம் பக்கத்தைத் தாண்ட அதில் ஒன்றுமில்லை.

தட்டாக வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். ‘பேபீஸ்’ உறை பாம்புத்தோல் பர்ஸ்போல் புடைப்பாக அச்சிட்டது. உள்ளே ஒரு ராட்சத பில்லியன் டாலர் நோட்டு, கிழித்தெடுக்கும் துளைவரி போட்ட பட அட்டைகள். பழைய பிரதியில் நோட்டு காணாமல் போயிருக்கும், அல்லது மடிப்பில் பிளந்திருக்கும், அட்டைகள் என்றைக்கோ கிழிக்கப்பட்டிருக்கும். விற்பவரிடம் உறையைத் திறந்து படம் கேளுங்கள், வெளிப்பக்கப் படத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். புடைப்பு தேய்ந்து உள்ளிருக்கும் தட்டின் வட்டம் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். ‘நைட்மேர்’ உறை ஓவியர் ட்ரூ ஸ்ட்ரூசன் வரைந்தது, காணாமல் போக உள்ளே அவ்வளவு சாமான் இல்லை, தட்டின் நிலையைப் பார்த்தால் போதும். குவாட்ரஃபோனிக் (நான்கு ஸ்பீக்கருக்கான) பிரதி கிடைத்தால் தனியாக வைத்துக் கேளுங்கள். அதன் மிக்ஸ் வேறு, ஒரு ஆல்பத்தின் குவாடை இன்னொன்றின் ஸ்டீரியோவோடு வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சிடியில் ‘பேபீஸின்’ 2001 இரட்டைத் தட்டுப் பதிப்பை எடுங்கள், 1973 சுற்றுப்பயணத்தின் டெக்சாஸ் கச்சேரி கூடவே வருகிறது. மேடையில் டனவேயும் ஸ்மித்தும் இன்னும் கட்டவிழ்ந்து வாசிக்கிறார்கள்.

ஒரே தட்டில் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் 2011இல் எஸ்ரின் தயாரித்த ‘வெல்கம் டு மை நைட்மேர்’ இரண்டாம் பாகம் இருக்கிறது. அதில் மூன்று பாட்டுகளில் மட்டும் டனவே, ஸ்மித், புரூஸ் வாசிக்கிறார்கள்: ‘எ ரன்அவே ட்ரெய்ன்’, ‘ஐ’ல் பைட் யுவர் ஃபேஸ் ஆஃப்’, ‘வென் ஹெல் கம்ஸ் ஹோம்’. பாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் ஓட்டி, எந்தெந்த இடத்தில் அடித்தளம் மாறுகிறது என்று குறித்து வாருங்கள்.